தாய் புலம்பல்

சிவலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது செத்தவீட்டுப் பந்தலுக்குள் சனத்தின் கதை நின்றது, ஆனால் வீட்டுக்குப் பின்பக்கம் தேங்காய் திருவுகிற சத்தம் நிற்கவில்லை. குலசேகரம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இழுப்பு நீளம், இரண்டு இழுப்புக் கட்டை, பிறகு சிரட்டையைத் திருப்புகிற சின்ன இடைவெளி. பின் விறாந்தையில் எத்தனை பெண்கள் இருந்தாலும் அது தன் மனைவி தவமலரின் கைதான் என்று அவருக்குத் தெரியும். கலியாணம் கட்டிய நாள் முதல் விடியற்காலையில் அந்தச் சத்தத்துக்குத்தான் கண் விழித்திருக்கிறார். அவள் பின்பக்கம் இருக்கிறாள், அதுவரை நல்லது. ஆனால் சிவலிங்கத்தின் குரல் வேலி தாண்டிப் போகிற குரல். தபால்காரராக இருந்த காலத்தில் அவர் ஒழுங்கை முகப்பில் நின்று கூப்பிட்டால் ஒழுங்கைக் கடைசி வீட்டில் கேட்கும். கொஞ்சம் மெல்லப் படியுங்கோ என்று போய்ச் சொல்லலாமா? செத்தவீட்டுக் கல்வெட்டை மெல்லப் படிக்கச் சொன்ன முதல் புலவன் என்று ஊர் சிரிக்கும். பக்கத்துக் கதிரையில் இருந்த இரத்தினண்ணை முழங்கையால் இடித்தார். “என்ன புலவர், என்னையே பாக்கிறீர்? வெண்பாவுக்கு அளவெடுக்கிறீரோ? எனக்கு இன்னும் காலம் கிடக்கு, சொல்லிப்போட்டன்.” அந்தப் பகிடியை அவர் எல்லாச் செத்தவீட்டிலும் விடுவார், எல்லாச் செத்தவீட்டிலும் குலசேகரம் சிரிப்பார், இன்றைக்கும் சிரித்தார். ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாள் தீட்டுத் துடக்குக் கழிவதற்கு முன் அச்சடித்து, பந்தலில் பாடி, வந்தவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிற அந்த மெல்லிய புத்தகத்தை எழுதுகிறவர் அவர். பகலில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். செத்தவீடு என்றால் புலவர். முதலில் பிள்ளையார் காப்பு, பிறகு செத்த ஆண்டையும் மாதத்தையும் திதியையும் அடக்கி ஒரு வெண்பா, பிறகு குடும்ப வரலாறு, பிறகு ஒவ்வொருவர் பெயரிலும் புலம்பல்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல். அவர்களுக்காக அவர்களுடைய வாயால் அவர் அழுவார். இன்றைக்குத் தாய் புலம்பல் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் வரும்போது பின் விறாந்தையில் இருக்கிற தவமலர் அதைக் கேட்பாள், கேட்டவுடன் அது இந்த வீட்டுப் பரமேசக்காவின் செத்துப்போன மகன் துசாந்தனுக்கு எழுதியது இல்லை என்று அவளுக்கு விளங்கிவிடும்.

காப்பு தொடங்கியாயிற்று. ஐங்கரனே என்று சிவலிங்கம் நீட்டினார், நீட்டியதில் தென்னோலைப் பந்தலில் இருந்த இரண்டு மைனாக்கள் எழும்பிப் போயின. இன்னும் நேரம் இருக்கிறது, காப்பு முடிய வெண்பா, வெண்பாவை அவர் இரண்டு தரம் படிப்பார், பிறகு வரலாறு, வரலாறு நீளம், துசாந்தனின் பூட்டன் காலத்திலிருந்து தொடங்குகிறது, வேண்டுமென்றே நீட்டி எழுதியிருந்தார், இருபத்தைந்து வயது நிரம்பாத பெடியனுக்கு எங்கே இருக்கிறது வரலாறு, பாலர் பாடசாலை, பள்ளிக்கூடம், வாகனம் திருத்துகிற கராச்சில் வேலை, மோட்டார் சைக்கிள், எதிரே லொறி, முடிந்தது. வெண்பா வந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஈற்றடி கொஞ்சம் தட்டுகிறதோ? இல்லை, சிவலிங்கம் மூச்சை மாறி எடுத்ததால் அப்படிக் கேட்கிறது. பார், இந்த நேரத்திலும் ஈற்றடியைப் பார்க்கிறேன் என்று தன்னையே வெறுத்தார். துசாந்தனுக்குத் திதி இருக்கிறது, தேய்பிறை ஏழாம் நாள், ஆசுபத்திரியில் எழுதிக் கொடுத்த நேரம் இருக்கிறது, ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார், வெண்பாவுக்குள் அது மணிபோல் போய் உட்கார்ந்தது. அவருடைய மகன் நிரோஜனுக்குத் திதி இல்லை. திதி இல்லாதவனுக்கு வெண்பா இல்லை. நிரோஜன் வள்ளத்தில் ஏறிய நாள் தெரியும், அது ஏறின நாள், அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவுக்கு என்று ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறிப் போனவர்களில் ஒருவரும் இன்றுவரை கதைக்கவில்லை. வள்ளம் மூழ்கியது என்று சொல்லவும் ஆள் இல்லை, கரை சேர்ந்தது என்று சொல்லவும் ஆள் இல்லை. கடலுக்குள் எந்தத் திதி? வளர்பிறையா தேய்பிறையா? அன்றைக்கு அவனுக்கு மேலே நிலவு இருந்ததா, அதையாவது யாராவது பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஐயரை ஒருநாள் கோயில் மதிலடியில் மெல்லக் கேட்டார். “நாள் தெரியாட்டி ஒரு அமாவாசையை எடுத்துக்கொள்ளலாம் புலவர், ஆருக்கு?” என்றார் ஐயர். “தெரிஞ்ச ஒராளுக்கு” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். தவமலருக்கு அதைச் சொல்லவில்லை. தவமலருக்கு மகன் இருக்கிறான். ஏதோ ஒரு தீவில், ஏதோ ஒரு கம்பி வேலிக்குள், டெலிபோன் கோல் எடுக்க விடாமல் வைத்திருக்கிறார்கள். வள்ளம் ஏறுகிற கரையிலிருந்து அவன் கடைசியாகக் கதைத்தபோது “அம்மா, கோல் வராட்டிப் பயப்படாதேங்கோ” என்று சொன்னான். அவள் அந்தச் சொல்லைச் சாமியறைச் சட்டத்துக்குள் போட்டு மாட்டாத குறை. கோல் வரவில்லை, ஆகவே அவள் பயப்படவில்லை. மற்றவர்கள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “அவன் பயப்படாதேங்கோ எண்டுதானே சொன்னவன்” என்பாள், கடையில் சாமான் விலை சொல்வதுபோல. வாசல் படலைக்குப் பூட்டுப் போட விடமாட்டாள். சோறு அடிப்பிடித்தால் அந்தத் தீய்ந்த பொருக்கைச் சுரண்டி ஒரு சின்னக் கோப்பையில் போட்டு மூடி வைப்பாள், ஏனென்றால் அவனுக்கு அது விருப்பம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாய்ப் பானையின் அடியைத்தான் பார்ப்பான், “அம்மா, இண்டைக்கு அடிப்பிடிக்கேல்லையோ?” என்று ஏமாந்த முகத்தோடு கேட்பான். அதற்காகவே சில நாள் அவள் நெருப்பைக் கூட்டி விடுவாள், சோறு கெட்டுப்போகிறது என்று குலசேகரம் ஏசுவார். எதற்கு ஏசினேன்? ஒரு பிடி அரிசிக்கு ஏசினேன்.

நல்லாத்தான் எழுதியிருக்கு என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள், வெண்பாவைத்தான் சொல்கிறார்கள். சிவலிங்கம் பக்கம் புரட்டினார். பூட்டன் வந்தார், பூட்டன் கட்டிய கேணி வந்தது. நீளம், இரண்டு கட்டை, ஒரு திருப்பல். பின்பக்கம் தேங்காய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் புலம்பல் பாட்டு எப்போது வந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது, அல்லது தெரியும், தெரியாது என்று வைத்துக்கொண்டிருக்கிறார். சங்கக்கடை பூட்டிவிட்டு வயல் நடுவே சைக்கிளில் வந்துகொண்டிருந்தார், எதிர்க்காற்று, குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார், அப்போது அடிப்பிடித்த சோற்றையெல்லாம் என்று ஒரு தொடர் தானாக வாயில் வந்து நின்றது. அவருடைய குரல் இல்லை. தவமலரின் குரல். அவர் பயந்து சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார், சுற்றிவர ஒருவரும் இல்லை, ஒரு கொக்கு மட்டும். போ என்று சொன்னார், கொக்குக்கு இல்லை, அந்தத் தொடருக்கு. அது போகவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அதே வயல்வெளியில் அது வந்து ஏறிக்கொண்டது, பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு மிதிப்பதுபோல் பாரமாக இருந்தது, அடுத்த அடி வந்தது, அதற்கடுத்தது வந்தது. அவர் அதைக் கடதாசியில் எழுதவில்லை. கடதாசியில் எழுதினால் நடந்ததாகிவிடும். வாய்க்குள்ளேயே வைத்துச் செதுக்கினார், ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைத்தார், ஒருநாள் அடிப்பிடித்த என்பதற்குத் துடிதுடிக்க என்று எதுகை வந்து பொருந்தியபோது மனம் ஒரு கணம் துள்ளியது, சந்தோசம், அசல் சந்தோசம், மதகடியில் வந்த அந்தச் சந்தோசத்தை மதகு தாண்டுவதற்குள் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையில் அடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைச் சாகக் கொடுத்து எதுகை வாங்கியவன். அவன் செத்தான் என்று யார் சொன்னது? எதுகை சொன்னது. வீட்டுக்குப் போனால் அவள் கோப்பையைக் காட்டி “இண்டைக்கு நல்லா முறுகிப்போச்சு” என்பாள், அவர் தலையாட்டுவார், அவளுடைய குரலில் அவளுடைய மகனுக்கு ஒப்பாரி வாய்க்குள் இருக்க, அவளுக்கு முன்னால் இருந்து அவர் சாப்பிடுவார்.

அப்படியே இருந்திருக்கலாம். அந்தப் பாட்டும் அவரோடு சுடலைக்குப் போயிருக்கும், அங்கே அதையும் சேர்த்து எரித்திருப்பார்கள். ஆனால் பரமேசக்கா வந்தாள். செத்தவீட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள், மத்தியான வெயிலில், குடையில்லாமல் வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தாள். புருசன் முந்தியே போய்விட்டார், இருந்தது இந்த ஒரு பெடியன். கண் உலர்ந்து போய் இருந்தது. “குலசேகரம், எனக்கு அழுகை வருகுதில்லையடாப்பா” என்றாள். “எல்லாரும் அழுகினம், நான் மரம் மாதிரி நிக்கிறன். நீர் எழுதினா சனம் அழும் எண்டு சொல்லுவினம். எனக்கும் ஒண்டு எழுதித் தாரும், அழுது முடிக்க.” அவர் வழக்கமாகச் செய்கிறதைச் செய்தார். யாருக்கு எழுதினாலும் அந்த வீட்டு ஆட்களோடு இருந்து சின்னச் சின்ன விசயங்களைக் கேட்டு வாங்குவார்: எப்படிக் கூப்பிடுவார், என்ன விருப்பமாய்ச் சாப்பிடுவார், கோபம் வந்தால் என்ன செய்வார். பெரிய விசயத்துக்கு ஒருவரும் அழுவதில்லை, செத்தவர் செருப்பைக் கழற்றுகிற விதத்துக்குத்தான் அழுவார்கள், அது அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் இரகசியம். “அவன் என்ன விரும்பித் தின்னுவான் அக்கா?” என்று கேட்டார். பரமேசக்கா யோசித்தாள். “நல்ல பெடியன்” என்றாள். “உங்களை எப்பிடிக் கூப்பிடுவான்?” “அம்மா எண்டுதான்.” “வேற ஏதும்?” “நல்ல பெடியன், ஒரு சோலிக்கும் போகமாட்டான்.” பிறகு முகத்தை மூடிக்கொண்டு, “எனக்கு ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை குலசேகரம், அவன்ரை முகமே வருகுதில்லை, நான் என்ன தாயடா” என்றாள். அந்த நேரம் தவமலர் தேத்தண்ணீரோடு வந்து, அவள் தோளைப் பிடித்து, “அக்கா, முதல் இதைக் குடியுங்கோ, ஞாபகம் பிறகு வரும்” என்றாள். அவர் எழுத இருந்தார். தாயே என்றால் வாயே என்று வந்தது. மகனே என்றால் சுகமே என்று வந்தது. பழைய கல்வெட்டுகளில் ஊர் முழுவதற்கும் எழுதித் தேய்ந்த சொற்கள், யாருக்கும் போட்டுவிடலாம், ஆசுபத்திரிச் சட்டை மாதிரி. அச்சகக்காரன் கோல் எடுத்து, “புலவர், தாய் புலம்பல் மட்டும்தான் மிச்சம், மிசின் காத்துக்கொண்டு நிக்குது” என்றான். அப்போது அவர் வாய்க்குள் இருந்ததைச் சொன்னார். எழுதிக்கூடக் கொடுக்கவில்லை, கோலில் சொன்னார், அவன் அங்கே கணினியில் தட்டினான். மூன்றாம் அடியில் கடல்கடந்து போனாயே என்று இருந்ததைத் தொலைதூரம் போனாயே என்று மாற்றினார். கடலை எடுத்துவிட்டால் மகன் போய்விடுவான் என்று நினைத்தார். சொல்லி முடித்ததும் உடம்பு இலேசாகியது. அழ முடியாத ஒரு தாய்க்கு என் வீட்டில் இருந்த ஒரே நல்ல பொருளைக் கொடுத்தேன் என்று அன்றைக்கு நினைத்தார், வேறு என்னத்தைக் கொடுப்பது, நான்கு வரி, அதற்கு மேல் அவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது, அன்பு என்பது இதுதானே. படுத்த பிறகு வேறு ஒன்று தோன்றியது. கொடுத்தாயா, தலைமுழுகினாயா? பாரம் தாங்காமல் அடுத்த வீட்டுப் படலைக்குள் இறக்கிவிட்டு வந்தாயா? தவமலர் கேட்பாள் என்று அப்போது ஏன் படவில்லை? பட்டிருக்கும். கேட்கட்டும் என்றுகூட எங்கேயோ ஒரு மூலையில் இருந்திருக்கும். தன்னால் அவளுக்குச் சொல்ல ஏலாததைச் சிவலிங்கத்தின் தொண்டை சொல்லட்டும் என்று. அப்படியானால் நீ புலவன் இல்லை, கோழை. இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.

“தாய் புலம்பல்” என்றார் சிவலிங்கம். குலசேகரம் நினைத்தார், எழும்பலாம், தண்ணீர் குடிக்கப் போவதுபோல் பின்பக்கம் போய், மலர், இஞ்சை வாரும், ஒரு அவசரம் என்று கூட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் கதிரையிலேயே இருந்தார். பந்தலின் அந்தப் பக்கம் பரமேசக்காவை இரண்டு பெண்கள் அணைத்துப் பிடித்துக்கொண்டு பாயில் இருந்தார்கள். சிவலிங்கம் கண்ணாடியைச் சரிசெய்தார், குரலை இறக்கினார், அவர் இறக்கினால்தான் பயம்.

அடிப்பிடித்த சோற்றையெல்லாம் அமுதென்று கேட்பாயே
படிகடக்கும் முன்னாலே பசிக்குதம்மா என்பாயே
துடிதுடிக்க என்னைவிட்டுத் தொலைதூரம் போனாயே
வடித்தசோறு காயுதையா வந்துநின்று கேளாயோ

பரமேசக்கா அலறினாள். அந்த அலறல் ஒரு மாதமாக எங்கேயோ முட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும், அது வந்த வேகத்தில் பக்கத்திலிருந்த பெண்கள் பிடி விட்டுப்போனார்கள். “ஐயோ என்ரை ராசா, அடிப்பிடிச்ச சோறு கேப்பானே, பசிக்குதம்மா எண்டு வருவானே” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பந்தல் முழுக்க மூக்கை உறிஞ்சியது. இரத்தினண்ணை சால்வையால் கண்ணைத் துடைத்துவிட்டு, “சாக்கொல்லுறீர் புலவர்” என்றார். குலசேகரம் ஒன்றையும் பார்க்கவில்லை. காது முழுவதும் பின்பக்கம் இருந்தது. தேங்காய்ச் சத்தம் நிற்கவில்லை. நிற்கும் என்று நினைத்திருந்தார், நின்றால் என்ன செய்வதென்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தார், நிற்காவிட்டால் என்ன செய்வதென்று யோசிக்கவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இடைவெளி இல்லை. நீளம் கட்டை என்று ஒன்றும் இல்லை, சிரட்டையைத் திருப்புகிற நேரம் இல்லை, ஒரே இடத்தில், ஒரே அளவாக, கர் கர் கர் என்று. அங்கே இப்போது தேங்காய் இல்லை, சிரட்டைதான் என்று அவருக்கு விளங்கியது. சிவலிங்கம் வழக்கப்படி அதை இரண்டாம் தரம் படித்தார். இரண்டாம் தரமும் அது ஓடியது. அவள் கேட்கவில்லையோ என்று ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. அதை நம்பப் பார்த்தார், ஒரு மூச்சு நேரம் நம்பினார்கூட. பிறகு சகோதரி முறையானவர்கள் புலம்பினார்கள், நண்பர்கள் புலம்பினார்கள், நன்றி நவின்றார்கள். தந்தை புலம்பல் இல்லை, துசாந்தனுக்குத் தகப்பன் இல்லையே. தகப்பன் இருக்கிற வீடுகளிலும் குலசேகரம் அதைச் சப்பென்றுதான் எழுதுவார், எல்லாருக்கும் தெரிந்த விசயம், தாய்க்கும் மனைவிக்கும் எழுதினால் கல் கரையும், தகப்பனுக்கு எழுதினால் கூட்டுறவுச் சங்க அறிக்கை மாதிரி இருக்கும் என்று அச்சகக்காரன்கூடப் பகிடி பண்ணுவான்.

சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டு, சோறு வந்து, பருப்பு வந்து, தேங்காய்ச் சம்பல் வந்தது. இரத்தினண்ணை ஒரு வாய் வைத்துவிட்டுப் பல்லில் கடிபட்டதை விரலால் எடுத்துப் பார்த்தார். “ஆரப்பா தேங்காய் திருவினது? சிரட்டையையும் சேத்தெல்லே திருவிப்போட்டியள்!” பந்தி சிரித்தது. குலசேகரத்தின் இலையிலும் வெள்ளைக்குள் கறுப்புக் கறுப்பாகத் தூள் இருந்தது. அவர் சம்பலைச் சோற்றோடு பிசைந்து முழுவதையும் சாப்பிட்டார், பல்லுக்கிடையில் நறநறவென்றது, துப்பவில்லை. கை கழுவ எழும்பியபோது தவமலர் கிணற்றடியில் நின்றாள். வலது கை பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. பரமேசக்கா அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழுது முகம் வீங்கி, ஆனால் முகம் முகமாக இருந்தது, மரமாக இல்லை. “மலர், உன்ரை மனிசன் எப்பிடியடி கண்டுபிடிச்சது? நானே மறந்துபோனன். அடிப்பிடிச்ச சோறெண்டா அவன் உயிரை விடுவானெல்லே?” துசாந்தனுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்ததா, இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனி இருந்ததுதான், அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று. தவமலர் ஒரு கணம் குலசேகரத்தைப் பார்த்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் பார்க்காத பார்வை, கோபமென்றால் தாங்கியிருப்பார், அதில் கோபம் இல்லை, வழியில் கண்ட ஒரு ஆளை எங்கேயோ பார்த்தோமே என்று யோசிக்கிற பார்வை. பிறகு பரமேசக்காவின் பக்கம் திரும்பினாள். “ஓம் அக்கா” என்றாள். “எங்கட வீட்டை வந்தாலும் கேட்டுத் தின்னுவான். உங்கட பெடியன் அப்பிடித்தான்.” பரமேசக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் அழுதாள். தவமலர் அவளுடைய முதுகைத் தடவிக் கொடுத்தாள், துணி சுற்றிய கையால்.

வீட்டுக்கு ஒழுங்கையால் நடந்து வந்தார்கள், அவள் முன்னால், அவர் பின்னால், பலகாரப் பை அவள் கையில். வெயில் கிடுகு வேலிக்கு மேலால் வந்து தலையில் நின்றது. ஏதாவது சொல் என்று அவர் மனதுக்குள் கெஞ்சினார், ஏசு, மண்ணை அள்ளி எறி. அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? அந்த மனுசிக்காகவா? அவரிடமிருந்து பிள்ளையைப் பறித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளா? அந்த நான்கு வரிக்குள் கிடந்தது துசாந்தன்தான், சாட்சி சொல்லியாயிற்று. ஆகவே நிரோஜன் சாகவில்லை. அவளுக்கு மகன் இருக்கிறான், பரமேசக்காவுக்கு அழுகை இருக்கிறது. எனக்கு? இத்தனை வருசமாக வாய்க்குள் வைத்திருந்த பொருளும் இல்லை. மதகடியில் அவள் நின்றாள். திரும்பவில்லை. “எப்ப கட்டின பாட்டு அது?” என்று கேட்டாள். “கொஞ்சக் காலம்” என்றார். “கொஞ்சக் காலம்” என்று அவள் திருப்பிச் சொன்னாள். பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். “இஞ்சருங்கோ, நீங்கள் என்னெண்டும் நினையுங்கோ, அது உங்கட மனம். ஆனா என்ரை வாயாலை அழாதேங்கோ. அழவேணுமெண்டா உங்கட வாயாலை அழுங்கோ.” அவ்வளவுதான். நடக்கத் தொடங்கினாள். வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய், வழக்கம்போல் அதைச் சாத்தாமல் விட்டாள்.

அவர் முற்றத்து வேம்படியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். உள்ளே அவள் பலகாரத்தைப் பிரிக்கிற சத்தம், ஒரு டப்பா மூடுகிற சத்தம், அது அவனுடைய பங்கு, அவருக்குத் தெரியும், ஈரம் பட்டால் பயறுப் பணியாரம் பூஞ்சணம் பூத்துவிடும் என்று இறுக்கி மூடுவாள். உங்கட வாயாலை. உங்கட வாய் என்றால் எது? அவர் தேடிப் பார்த்தார். தந்தை புலம்பல். எத்தனை தகப்பன்மாருக்கு எழுதியிருக்கிறார், எடுத்து ஒன்றைத் திருப்பிப் போடலாம், குலவிளக்கே, தோள் தந்த துணையே, சீ. அவர் என்ன சின்ன விசயம் வைத்திருக்கிறார் அவனைப் பற்றி? கேட்டு வாங்குகிறவன் தன்னிடமே கேட்டான்: எப்படிக் கூப்பிடுவான்? அப்பா என்றுதான். வேற ஏதும்? நல்ல பெடியன். ஐயோ பரமேசக்கா. அடிப்பிடித்த சோறுகூட அவள் கண்டது, பசிக்குதம்மா அவளுக்குச் சொன்னது, அவருக்கென்று அவன் சொன்னது ஒன்றும் இல்லையா, வள்ளம் ஏறுகிற கரையிலிருந்து கதைத்தபோதும் “அப்பாட்டைக் குடுக்கட்டோ” என்று அவள் கேட்க, வேண்டாம், அப்பா கடைக்குப் போகிற நேரம் என்று அவன் சொன்னதாக அவள் பிறகு சொன்னாள். அவர் அப்போது வீட்டில்தான் நின்றார், கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். போவதற்கு முந்தைய கிழமை இதே வேம்படியில் அவன் வந்து நின்றான், ஏதோ சொல்ல நின்றான், அவர் யாருக்கோ ஒரு மனைவி புலம்பல் எழுதிக்கொண்டிருந்தார், நிமிராமல் “என்ன தம்பி?” என்றார். “ஒண்டுமில்லையப்பா” என்று போனான். அதுதான் அவரிடம் இருக்கிறது. ஒண்டுமில்லையப்பா. அதற்கு எதுகை இல்லை, மோனை இல்லை, எந்தச் சந்தத்திலும் அது போய் இருக்காது, அவர் அதை வாய்க்குள் போட்டுப் பார்த்தார், ஒருமுறை, இரண்டுமுறை, அது அப்படியே கல்லாகக் கிடந்தது. வேப்பம்பழம் ஒன்று மடியில் விழுந்தது. படலை காற்றுக்கு முனகியது. அவன் நின்ற இடத்தில் இப்போது வெயில் நின்றது, அந்த இடத்தைப் பார்த்து அவர் நிமிர்ந்தார், அன்றைக்கு நிமிராததற்கும் சேர்த்து, முழுவதுமாக நிமிர்ந்து, வாயைத் திறந்தார், அவருடைய வாய், பாட்டு வரவில்லை, வெறும் சொல்தான் வந்தது, சத்தமாக, ஒழுங்கைவரை கேட்கும்படி: “தம்பி!”

குசினிக்குள் ஏதோ விழுந்து உருண்டது. தவமலர் அகப்பையும் கையுமாக ஓடி வந்து வாசலில் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த படலையைப் பார்த்தாள். முகம் முழுவதும் வெளிச்சம்.

“வந்திட்டானோ?” என்றாள்.